ஒட்டாத நூல்

ஒட்டடை அடிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வேலைக்குச் சேர்ந்த துப்புரவுப் பணியாளர் அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். பத்தொன்பது வருடங்களுக்கு முன், சேர்ந்த முதல் நாள், நீளக் கம்புத் துடைப்பத்தோடு மூன்றாம் மாடியின் கடைசி அறைக்குள் நுழைந்து மூலையைப் பார்த்துக் கையை ஓங்கினாள். பின்னாலிருந்து ஓர் அலறல்.

"ஐயோ, நிறுத்து! அது என்னோட ஆறு மாச உழைப்பு!"

அலறியவர் அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவி. சிலந்தியின் பட்டு நூலை ஆராய்பவர். துடைப்பத்தை இறக்கிவிட்டு இவள் நிதானமாகச் சொன்னாள்: "அப்ப தரை என்னோடது, மேல இருக்கறது உங்களோடது. சரிதானே மேடம்?"

அந்தப் பாகப்பிரிவினை பதினோரு நாள்தான் நிலைத்தது. பன்னிரண்டாம் நாள், பெருக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, "மேடம், அந்தக் கோடியில இருக்கறது நேத்திலிருந்து சாப்பிடல. ஈயைக் கட்டி வச்சிருக்கு, தொடல" என்றாள். மேடம் போய்ப் பார்த்தார். அது தோலுரிக்கத் தயாராகிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து மேலே இருப்பதும் மெல்ல மெல்ல இவள் பக்கம் வந்து சேர்ந்தது. முதலில் ஈ போடுவது, பிறகு ஈ வளர்ப்பது, பிறகு குஞ்சு பிரிப்பது. ஐந்தாம் வருடம் நுண்ணோக்கிக்கு முன் உட்கார்ந்து, தானே தீட்டிய இரண்டு ஊசிகளால் கடலைப்பருப்பு அளவுச் சிலந்தியின் வயிற்றைத் திறந்து பட்டுச் சுரப்பிகளை முழுசாக வெளியே எடுத்து வைத்தாள். அதற்கு முன் பட்டம் பெற்ற மூன்று பேர் அதைச் செய்து கிழித்திருந்தார்கள். அவள் மேதை என்று சொல்ல இதைச் சொல்லவில்லை. அவர்கள் அவசரப்பட்டார்கள், இவளுக்கு அவசரமில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் பூச்சியக்கா. எட்டுக்கால் பூச்சி அக்கா என்று தொடங்கியது, மாடிப்படி ஏறி இறங்கித் தேய்ந்து அப்படி ஆயிற்று. ஆனால் அலுவலகப் பதிவேட்டில் மட்டும் அவள் இன்றுவரை துப்புரவுப் பணியாளர்.

பத்தொன்பது வருடம் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை, அவளும்தான். இந்த வருடம் ஒரு புது உத்தரவு வந்தது. துப்புரவுப் பணியாளர் அத்தனை பேரும் ஒரே பட்டியலில் வருவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டடம் மாற்றப்படுவார்கள். அவளுக்கு வந்திருந்தது மாணவர் விடுதி, நான்காம் தளம். மேடம் கடிதம் மேல் கடிதம் எழுதி, அவளை ஆய்வக உதவியாளர் என்று மறுவகைப்படுத்தக் கேட்டிருந்தார். பதிலாக, ஒரு மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பார் என்று தகவல் வந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. அவர் சரி என்றால் அவள் இந்த அறையில். இல்லையென்றால் விடுதியில்.

"விடுதியிலயும் ஒட்டடை இருக்கும்மா" என்றார் அவள் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். "அங்க உனக்கு ரெண்டாயிரம் பூச்சி கிடைக்கும்."

"கிடைக்கும். கையில துடைப்பமும் கிடைக்கும்" என்றாள் அவள்.

அந்த அறையின் அலமாரிப் பலகைகளில் எண்பத்து நான்கு சட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் விரித்த புத்தகம் அளவு மரச்சட்டம். முன்னும் பின்னும் கண்ணாடி. கண்ணாடியில் வாசலின் களிம்பு தடவியிருப்பாள், சிலந்தி அதில் நூலை ஒட்டாமல் மரத்தில் மட்டும் ஒட்டி வட்ட வலை கட்டட்டும் என்று. சட்டத்தின் மேல் மூலையில் ஈ போடுவதற்கு ஒரு சிறு இடுக்கு. தினமும் காலையில் அவள் வருகைப் பதிவு எடுப்பாள். அதற்கு அவளிடம் ஓர் இசைக்கவை உண்டு, இரண்டு கவடு உள்ள இரும்புத் துண்டு. முழங்கையில் தட்டினால் ஈயின் சிறகு போல ரீங்கரிக்கும். இடுக்கின் வழியே அதை வலையின் ஓரத்தில் தொட்டால், நடுவில் தலைகீழாகத் தொங்கும் சிலந்தி சட்டென்று திரும்பும், ஓடி வரும். வந்தால் உயிரோடு இருக்கிறது, பசியோடும் இருக்கிறது. உடனே ஒரு ஈ. ஏமாற்றிவிட்டுச் சும்மா போவது அவளுக்குப் பிடிக்காது.

அந்தத் திங்கட்கிழமை பதினேழாம் சட்டம் திரும்பவில்லை.

வலை முழுசாக இருந்தது, ஒரு நூல் அறுபடவில்லை. சிலந்தி வலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது, கால்களை மடக்கிக்கொண்டு, தூங்குவதுபோல. ஊசியால் தொட்டாள். காய்ந்த சருகாக ஆடியது.

சிலந்திகள் சாகத்தான் செய்யும். செவ்வாய்க்கிழமை இன்னும் இரண்டு. புதன் ஒன்று. அடுத்த திங்களுக்குள் பதினொன்று. எல்லாம் ஒரே மாதிரி, வலை அழகாக, உள்ளே சருகு.

"பழம்தான்க்கா" என்றார் இளம் ஆய்வாளர். நூலின் வலிமையை அளக்கும் பையன். அவள் அவரைத் தம்பி என்பாள், மற்றவர்கள் டாக்டர் என்பார்கள். "நீங்க ஈ வளர்க்கற வாழைப்பழத்துல மருந்து அடிச்சிருப்பாங்க. ஈ தின்னுது, ஈயை இது தின்னுது. முடிஞ்சுது."

"ஏன் தம்பி, எண்பத்து நாலு பேருக்கும் ஒரே பானையிலதான் சமையல். பதினொரு பேருக்கு மட்டும் எப்படி விஷம்?"

"சிலதுக்குத் தாங்கும், சிலதுக்குத் தாங்காது."

"அப்படின்னா ஈ முதல்ல சாகணும். அது கொழுத்துப் போய்த் திரியுது, பாருங்க."

தம்பிக்குச் சந்தேகம் போகவில்லை. மேடம் கதவைச் சாத்திவிட்டு அவளிடம் சொன்னார்: "நான் அந்த மனுஷனுக்கு என்ன எழுதினேன் தெரியுமா? இவங்க கையில ஒரு சிலந்தி அனாவசியமா செத்ததில்லைன்னு. வெள்ளிக்கிழமை அவர் வந்து காலிச் சட்டத்தை எண்ணினா நான் என்ன சொல்றது?"

"காரணத்தைச் சொல்லுங்க."

"காரணம் என்ன?"

"அது இன்னும் தெரியல. வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் இருக்கே" என்றாள், பால்காரர் வர நேரமிருக்கிறது என்பதுபோல.

காரணத்தை அவள் பிணத்திலிருந்து தொடங்கினாள். பதினொன்றையும் வரிசையாக வைத்துக் கண்ணாடிக்கடியில் பார்த்தாள். வயிறு கிழியவில்லை, கடிபடவில்லை, ஆனால் உள்ளே ஒன்றுமில்லை. வெறும் உறை. யாரோ உறிஞ்சியிருக்கிறார்கள். எங்கே துளை? உடம்பில் இல்லை. ஒன்பதாவது பிணத்தில்தான் கிடைத்தது. முன்காலின் தொடையில், முடிகளுக்கு நடுவே, ஊசி குத்தியது போல ஒரு புள்ளி. திரும்பிப் போய் மற்றவற்றைப் பார்த்தாள். பதினொன்றுக்கும் காலில் புள்ளி. சிலவற்றுக்கு இரண்டு மூன்று கால்களில்.

பிறகு வலை. பதினேழாம் சட்டத்தின் முன் சாய்வாக விளக்கை வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அந்த வலையை அவளுக்குத் தெரியும். எந்த நூல் எங்கே போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அதில் ஒரு நூல் கூடுதலாக இருந்தது. வலையின் மேல் ஓரத்திலிருந்து இடுக்கு வழியாக வெளியே வந்து, மேல் பலகையின் அடிப்பக்கத்துக்குப் போயிற்று.

வட்ட வலை கட்டும் சிலந்தியின் வயிற்றில் ஒரே ஒரு பட்டுக் கிடங்கு இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அங்கே ஏழு வகைச் சுரப்பிகள் இருக்கின்றன. நடக்கும்போது பின்னால் இழுத்துவரும் காப்பு நூலுக்கு ஒன்று. அதற்குத் துணை நூலுக்கு ஒன்று. நூலைச் சுவரில் ஒட்டும் பசைச் சிமெண்டுக்கு ஒன்று. இரையைச் சுற்றிக் கட்ட ஒன்று. முட்டைப் பைக்கு ஒன்று. வலையின் சுருள் வட்டத்துக்கு, ரப்பர் போல இழுபடும் நூலுக்கு ஒன்று. அந்தச் சுருள் மீது முத்து முத்தாகத் தெளிக்கும் பசைக்கு ஒன்று. வயிற்றின் பின் நுனியில் மூன்று ஜோடி விரல்கள் போன்ற நூற்பு உறுப்புகள். அவற்றின் மேல் ஒவ்வொரு சுரப்பிக்கும் தனித்தனிக் குழாய் முனை. முதன்முதலில் இதைக் கேட்டபோது அவள் கணவர், "எங்க லிஃப்டுக்கு ஒரே ஒரு கம்பி, அதுவே மாசத்துக்கு ஒருதரம் பல்லைக் காட்டுது" என்றார்.

அவள் அந்தக் கூடுதல் நூலை ஊசியால் தொட்டாள். ஒட்டவில்லை. நுண்ணோக்கியில் பார்த்தாள். பசைத்துளி ஒன்றுகூட இல்லை. மற்ற பத்துச் சட்டங்களிலும் அதே மாதிரி ஒரு நூல், எங்கும் பசையில்லை. வந்துபோனது ஒரு சிலந்தி. நூல் இருக்கிறது, வலை இல்லை. இன்னொருத்தி வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகிறது.

"தம்பி, நாளைக்கு ரெண்டு மணிக்கு ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டப் போறேன். கூட இருங்க."

"எதுக்குக்கா, போட்டோ ஸ்டூடியோ வைக்கவா?"

"உங்க வாழைப்பழத்துக்கு விடுதலை வாங்கித் தர."

இரவில் வேட்டையாடுவது பகலிலேயே வெளியே வரட்டும் என்று, பகல் இரண்டு மணிக்கு அறையை இருட்டாக்கினாள். ஒரு சிவப்பு விளக்கு மட்டும். கடைசியாகச் செத்ததற்குப் பக்கத்தில் இருந்த நாற்பதாம் சட்டத்துக்கு எதிரில் இரண்டு முக்காலிகள். தம்பி முதல் ஒரு மணி நேரம் பேசினார், அடுத்த ஒரு மணி நேரம் கொட்டாவி விட்டார். நாலரைக்கு அவள் அவர் முழங்கையைப் பிடித்தாள்.

மேல் பலகையிலிருந்து ஏதோ இறங்கியது. அரை சென்டிமீட்டர் இருக்காது. வெளிர் மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள், வயிற்றின் மேல் இரண்டு சிறு திமில்கள். இவ்வளவு மெதுவாக நடக்கும் சிலந்தியை அவள் பார்த்ததில்லை. இடுக்கு வழியாக நுழைந்து, வலையின் ஓரத்தில் ஒரு நூலை முன்கால்களால் பிடித்தது. நின்றது. பிறகு சுண்டியது. லேசாக, விட்டு விட்டு. நின்றது. மறுபடி சுண்டியது.

நடுவில் தொங்கிய வலைக்காரி சட்டென்று திரும்பினாள்.

பூச்சியக்கா முக்காலியில் முன்னால் சாய்ந்தாள். "இது நான் பண்ற வேலை தம்பி" என்றாள் மெல்ல.

"என்னது?"

"காலையில இசைக்கவையில நான் பண்றது. அப்படியே பண்றா."

வலைக்காரி ஓடி வந்தாள், ஈ கிடைத்த மகிழ்ச்சியில். வந்தவளைப் பெரிய தடபுடல் எதுவும் எதிர்கொள்ளவில்லை. மஞ்சள் சிலந்தி முதல் இரண்டு ஜோடிக் கால்களை அகல விரித்து வைத்திருந்தது. அந்தக் கால்களின் உள்பக்கம் நெடுக முட்கள். நீளமாக ஒரு முள், அடுத்து ஒரு குட்டி முள், அதைவிடச் சற்றுப் பெரியது, இன்னும் கொஞ்சம் பெரியது, மறுபடி ஒரு நீள முள். பல் உடைந்து உடைந்து முளைத்த சீப்பு போல. அந்தக் கூண்டுக்குள் வலைக்காரியின் முன்கால் வந்ததும் தொடையில் ஒரே ஒரு கடி. எண்ணி முடிப்பதற்குள் அவள் அசைவற்றுப் போனாள். மஞ்சள் சிலந்தி கடித்த இடத்திலேயே வாயை வைத்து உறிஞ்சத் தொடங்கியது.

தம்பி முக்காலியைப் பின்னுக்கு நகர்த்தினார். பிறகு, "சாரிக்கா" என்றார்.

"சாரியை அப்புறம் வாங்கிக்கறேன். அந்தக் கண்ணாடிக் குழாயை எடுங்க."

குழாயைக் கவிழ்த்துப் பிடித்தாள். அறையிலிருந்த மாதிரிச் சேகரிப்பில் இதற்கான விவர அட்டையைத் தேடி எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. மிமெட்டிடே குடும்பம். கொள்ளைக்காரச் சிலந்திகள். வலை கட்டாது, சிலந்திகளையே தின்னும், இரையைப் போலவும், சிலது பெண் தேடி வந்த ஆண் போலவும் நூலைச் சுண்டி ஏமாற்றும். "மாப்பிள்ளை மாதிரி கதவைத் தட்டிட்டு வந்து கழுத்தை அறுக்கறதா?" என்றார் தம்பி. "கழுத்து இல்ல, காலு" என்று திருத்தினாள்.

அட்டையில் கடைசியாக ஒரு படம் இருந்தது. இந்த இனத்தின் முட்டைப் பை. செம்புக் கம்பியால் பின்னியது போல முரட்டு வலைப்பின்னல் மூடிய பேரிக்காய் வடிவப் பை, நீளக் காம்பில் தொங்கும்.

அதைப் பார்த்ததும் அவள் அட்டையைக் கீழே வைத்துவிட்டாள்.

அந்தப் பையை அவளுக்குத் தெரியும். ஐந்து மாதத்துக்கு முன் படிக்கட்டுச் செடியின் இலைக்கடியில் தொங்கியதை அவளே கிள்ளிக்கொண்டு வந்தாள். இவ்வளவு நேர்த்தியாகப் பை பின்னுகிறவள் வலைக்காரியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் முடிவு கட்டினாள். ஒரு புட்டியில் தொங்கவிட்டுக் குஞ்சு அலமாரியில், வலைக்காரிகளின் குஞ்சுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். சிலந்தியோடு பழகாதவர்கள் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். அவர்கள் அந்தப் பையைக் கசக்கி எறிந்திருப்பார்கள். பின்னல் தெரிந்தவளுக்கு மட்டுமே பின்னலைப் பார்த்து ஏமாறத் தெரியும்.

புட்டி இன்னும் அங்கேயே இருந்தது. அவள் கையெழுத்தில் சீட்டு: "வலைக்காரி. படிக்கட்டுச் செடி." மூடியில் இருந்த சல்லடைத் துணி கொஞ்சம் பெரிய கண். பொடிக் குஞ்சுகளுக்கு அது திறந்த வாசல். அந்த மாதம் குஞ்சு அலமாரியில் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்ததும் இப்போது ஞாபகம் வந்தது. குஞ்சு ஒன்றையொன்று தின்னும் என்று விட்டிருந்தாள்.

அன்று மாலை வீட்டில் சட்டை மடித்துக்கொண்டே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டு கேட்டார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. சீட்டு என்கிட்டதான் இருக்கு."

"கிழிச்சுப் போட்டுடு. ஜன்னல் வழியா வந்துச்சுன்னு சொல்லு. பூச்சிதானே, எப்படி வேணா வரும்."

அவள் ஒரு சட்டையை மடித்து முடித்தாள். "உங்க லிஃப்டு நடுவுல நிக்குது. போன மாசம் நீங்க ஒரு போல்ட்டை மாத்திப் போட்டது ஞாபகம் வருது. என்ன பண்ணுவீங்க?"

"உள்ள ஆள் இருக்கா?"

"எழுபத்து ரெண்டு பேர்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "போல்ட்டைத்தான் முதல்ல பார்ப்பேன்."

"ஜன்னல்னு சொன்னா எல்லாரும் ஜன்னலைச் சாத்துவாங்க. உள்ள எத்தனை திரியுதுன்னு யாருக்குத் தெரியும்? அது அந்தப் பையில எழுதியிருக்கு. குஞ்சு பைக்குள்ளயே ஒருதரம் தோலுரிச்சுட்டுத்தான் வெளிய வரும். பையைப் பிரிச்சுத் தோலை எண்ணினா தெரிஞ்சிடும்."

"விடுதிக்கு அனுப்பிட்டா?"

"அனுப்பினா போறேன். போறதுக்கு முன்னாடி எண்ணிட்டுப் போறேன்."

உண்மை சொல்வதைப் பற்றிப் பெரிய பெரிய காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவளிடம் இருந்தது சின்னக் காரணம். ஆனால் உடையாத காரணம். பொய் சொன்னால் எண்ணிக்கை தப்பிவிடும்.

மறுநாள் காலை மேடத்திடம் புட்டியையும் சீட்டையும் கொண்டுபோய் வைத்தாள். மேடம் சீட்டைப் படித்தார், அவளைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் படித்தார். "இதை நாளைக்கு அவர்கிட்ட நான் சொல்லணுமா?" என்றார். "வேண்டாம், நான் சொல்லிக்கறேன்" என்றாள்.

பையைப் பிரித்தாள். ஒன்பது தோல். புட்டியின் அடியில் காய்ந்து கிடந்த குஞ்சுகள் நான்கு. வெளியே போனது ஐந்து. கையில் இருப்பது ஒன்று. வியாழன் மாலைக்குள் பலகைகளின் அடியிலிருந்து இன்னும் மூன்றைப் பிடித்தாள். ஒன்று குழாயின் விளிம்பில் மாட்டி நசுங்கியது. அதை வீணாக்காமல் உப்புநீரில் கிடத்தித் திறந்தாள்.

வெள்ளிக்கிழமை மதிப்பீட்டாளர் வந்தார். ஒல்லியான மனிதர், தடித்த ஃபைல். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் பக்கத்தைத் திருப்பினார்.

"நீங்கதான் அந்தத் துப்புரவுப் பணியாளரா?"

"ஆமாங்க."

"சிலந்தியெல்லாம் சாகுதுன்னு கேள்விப்பட்டேன்."

"பன்னிரண்டு செத்துது சார். இது கொன்னுது." குழாயை அவர் முன் வைத்தாள். "இதை உள்ள கொண்டுவந்தது நான். இதோ சீட்டு, என் கையெழுத்து. இதைக் கண்டுபிடிச்சதும் நான். ரெண்டையும் எழுதிக்கங்க."

மேடம் ஜன்னல் பக்கம் பார்த்தார். தம்பி முன்னால் வந்து, "சார், நான் பழத்துல விஷம்னு சொன்னேன். அதையும் எழுதிக்கங்க" என்றார்.

மதிப்பீட்டாளர் பேனாவை எடுத்தவர் எழுதாமல் கேட்டார்: "மொத்தம் எத்தனை?"

"அஞ்சு வெளிய போச்சு. நாலு பிடிச்சாச்சு."

"அப்ப இன்னும் ஒண்ணு?"

"இந்த அறையிலதான் எங்கயோ இருக்கு."

அவர் இரண்டு பாதங்களையும் மெல்ல நாற்காலியின் குறுக்குக் கட்டையில் தூக்கி வைத்துக்கொண்டார். "கடிக்குமா?"

"உங்களுக்கு எட்டுக் கால் இருந்தா கடிக்கும்."

மேடம் இருமினார். மதிப்பீட்டாளர் சிரிக்கவில்லை, ஆனால் ஃபைலை மூடினார். அதுதான் முதல் தடவை அவர் அறையைப் பார்த்தது. எழுந்து அலமாரியருகே போனார். சாராயத்தில் மிதக்கும் மாதிரிகள், குடும்பவாரியாக. ஒரு புட்டியைக் காட்டினார்.

"இதுவும் அந்தக் கொள்ளைக்காரன்தானே? இது ஏன் தனியா அந்தக் கோடியில இருக்கு?"

"அது பழைய அடுக்கு சார். ஒரு காலத்துல இதோட தாடையைப் பார்த்தாங்க. அங்க பல்லு மாதிரி முளை இருக்கு, ஆணி அடிச்ச மாதிரி. பல்லு இல்ல, தடிச்ச முடி. அந்த மாதிரி முளை இருக்கற வேற ஒரு கூட்டம் உண்டு, அதுலயும் சிலது சிலந்தியைத் தின்னும். சரி, தாடையும் ஒண்ணு, தீனியும் ஒண்ணு, இதுவும் அந்த வீடுன்னு அங்க கொண்டு வச்சாங்க."

"இல்லையா?"

"பின்பக்கத்தைப் பார்த்தவங்க இல்லைன்னாங்க. வாங்க, காட்டறேன்."

நுண்ணோக்கியில் அவரை உட்கார வைத்தாள். இடப்பக்கம் வட்ட வலைக்காரியின் நூற்பு உறுப்பு, வலப்பக்கம் நேற்று நசுங்கியதன் நூற்பு உறுப்பு. அவர் நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"குழாய் குழாயா இருக்கு. ரெண்டும் ஒரே மாதிரிதானே?"

"அதைத்தான் சொல்றாங்க. காப்பு நூல் குழாய் இருக்கற இடம், முட்டைப் பைக் குழாய் இருக்கற இடம், எல்லாம் வலைக்காரி வீட்டு ஒழுங்குதான். ரெண்டு மட்டும் இதுகிட்ட இல்ல. சுருள் நூல் சுரப்பி, பசைச் சுரப்பி. நேத்து வயித்தைத் திறந்து தேடினேன், கிடையாது. அதனாலதான் இது வர்ற வழியில நூல் ஒட்டல. அதை வச்சுத்தான் பிடிச்சேன்."

"வலையே கட்டாத ஒண்ணை வலை கட்டறவங்க கூட வைக்கறது..." அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

"செய்யற வேலையை மட்டும் பார்த்தா வேற சார். உடம்புல என்ன இருக்குன்னு பார்த்தா இவங்க வீட்டுப் பொண்ணு. அதனாலதான் வலையில எந்த நூலை எப்படிச் சுண்டணும்னு தெரிஞ்சிருக்கோ என்னவோ. அது என் யூகம், எழுதாதீங்க."

ஒரு பொருள் என்ன என்பதை அதன் மேல் ஒட்டிய சீட்டைக் கொண்டு சொல்வதா, அது செய்வதைக் கொண்டு சொல்வதா, அதன் உள்ளே இருப்பதைக் கொண்டு சொல்வதா என்பது பழைய கேள்வி. தீர்ந்தபாடில்லை. மதிப்பீட்டாளர் அதைத் தீர்க்க வந்தவரும் இல்லை. அவர் ஃபைலில் ஒரு கட்டம் இருந்தது, அதில் ஒரு சொல் எழுத வேண்டும். ஆனால் அவர் எழுதும் முன் இன்னொரு தடவை நுண்ணோக்கிக்குள் குனிந்தார். அவரைப் பற்றிச் சொல்லக்கூடிய நல்லது அது ஒன்றுதான். அது போதுமானதாக இருந்தது.

போகும்போது வாசலில் நின்று, "அந்த அஞ்சாவது கிடைச்சா எனக்குத் தெரியப்படுத்துங்க" என்றார்.

அது திங்கட்கிழமை கிடைத்தது, வாசலின் களிம்பு டப்பாவின் மூடிக்கடியில். பெண். தோலுரித்து முழுசாக வளர்ந்திருந்தது. அவள் அதைக் கொல்லவில்லை. மெல்லிய துணி கட்டிய தனிச் சட்டத்தில் விட்டு, இந்தத் தடவை சரியான பெயரை எழுதி ஒட்டினாள். மேடத்துக்கு அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுத ஆசை வந்தது. அந்தக் கட்டுரை இன்னொரு கதை.

மூன்று வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டு பத்திகள். முதல் பத்தியில், அடையாளம் தெரியாத முட்டைப் பையைத் தனிமைப்படுத்தாமல் உள்ளே வைத்தது கவனக்குறைவு, இனி அவ்வாறு நிகழக் கூடாது என்று இருந்தது. இரண்டாம் பத்தியில், அவள் பெயர் சுழற்சிப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு ஆய்வக உதவியாளராக மறுவகைப்படுத்தப்படுகிறது என்று இருந்தது. தம்பி இரண்டாம் பத்தியை மட்டும் இரண்டு தடவை உரக்கப் படித்தார்.

"முதல் பத்தியையும் படிங்க" என்றாள்.

"அது எதுக்குக்கா?"

"அதுவும் சரியாத்தானே எழுதியிருக்காரு."

கடிதத்தை மடித்துக் குஞ்சு அலமாரியின் கதவு உட்புறத்தில், கண்ணுக்கு நேராக ஒட்டினாள். பிறகு சேகரிப்பு அலமாரிக்குப் போய், கோடியில் இருந்த பழைய புட்டியை எடுத்துத் தூசி துடைத்து, வட்ட வலைக்காரிகளின் அடுக்கில் நகர்த்தி இடம் பண்ணி வைத்தாள். கொல்கிறவளும் சாகிறவளும் ஒரே தட்டில். அட்டையில் பழைய கூட்டத்தின் பெயரை அடித்துவிட்டுப் புதுசை எழுதினாள். அடித்தது படிக்கும்படி ஒற்றைக் கோடு.

அப்புறம் வருகைப் பதிவு. இசைக்கவையை முழங்கையில் தட்டித் தட்டிச் சட்டம் சட்டமாகப் போனாள். எழுபத்து இரண்டும் திரும்பின. எழுபத்து இரண்டுக்கும் ஈ போட்டாள். கடைசியில் அந்தத் தனிச் சட்டத்துக்கு முன் நின்று, பழக்கதோஷத்தில் அதையும் துணியோரத்தில் தொட்டாள். மஞ்சள் சிலந்தி அசையவே இல்லை.

"ஆமாமா, உன்கிட்ட இது செல்லாதுன்னு தெரியும்" என்று சிரித்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துத் தரையைப் பெருக்கத் தொடங்கினாள்.

"இப்ப அது உங்க வேலை இல்லையேக்கா" என்றார் தம்பி.

"காலைத் தூக்குங்க தம்பி" என்றாள்.